வாய் வைத்தது சாப்பாட்டில் சேராது

அஸ்தானா,
ஜனவரி 14

அன்புள்ள குல்பாஷ் அண்ணிக்கு, அக்மரால் எழுதுவது.

வீட்டில் ஆட்களும் தொழுவத்தில் குதிரைகளும் சுகம்தானே? நான் சுகம். இங்கே குளிர் மூக்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும் போலிருக்கிறது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அப்பாவுக்குக் காது மந்தம். யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் வைத்துவிடுகிறார். உங்கள் போனோ பிள்ளைகள் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்த நாளே கிடையாது. போன வாரம் நான் உங்களிடம் ரகசியமாகச் சொன்னதை வேன் டிரைவர் ஒராஸ்பெக் மறுநாள் எனக்கே வந்து சொன்னான். அதனால் இனி முக்கியமானதெல்லாம் ஒட்டிய உறைக்குள், அவன் வேனிலேயே வரும். அவன் பிரித்துப் படிப்பானோ என்று பயப்படாதீர்கள். படிக்கிற பழக்கம் இருந்தால் ரோட்டோரப் பலகைகளையாவது படித்திருப்பான்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு பிப்ரவரி ஆறாம் தேதி எங்கள் மையத்தில் ஸ்கேன். இலையுதிர் காலத்தில் செமே நகர ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்து கழுத்துக் கட்டியை முழுசாகக் கரைத்ததா என்று அதில்தான் தெரியும். கரைந்திருந்தால் அத்தோடு முடிந்தது. மிச்சம் இருந்தால் திரும்பவும் அதே மருந்து. போன தடவை அது அவரை எப்படிப் படுக்கையில் போட்டது என்று பார்த்தீர்கள். இன்னொரு சுற்றை அவர் இதயம் தாங்குமா என்று செமே டாக்டர்களுக்கே சந்தேகம்.

ஸ்கேனுக்கு முன் கதிர்வீசும் மருந்து கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவோம். உடம்பில் எதற்குப் பசி அதிகமோ அது முதலில் அதை இழுத்துக்கொள்ளும். புற்றுநோய்க்கு அகோரப் பசி. இழுத்த இடம் படத்தில் விளக்குப் போட்டதுபோல் எரியும். ஆனால் ஆள் சாப்பிட்டுவிட்டு வந்தால், தசைகளெல்லாம் பந்தியில் முந்திக்கொண்டு சர்க்கரையைத் தின்றுவிடும். படம் பாழ். ஆகவே முந்தின ராத்திரிக்குப் பிறகு தண்ணீர் மட்டும். விறகு வெட்டக் கூடாது. குளிரில் நிற்கக் கூடாது. ஊசி போட்ட பிறகு வாயை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டம்.

நான் அணு மருத்துவச் சிறப்புப் பயிற்சிக்கு வந்ததே இந்தப் படங்களைப் படிக்கத்தான். தினமும் காலையில் பேராசிரியர் ரைஹான் மூசாயெவ்னா பெயரை மறைத்துப் படங்களைப் போடுவார். பயிற்சி டாக்டர்கள் நாங்கள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஜூன் மாதம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் என் பயிற்சி முடியும்.

அப்பாவிடம் இன்னும் 'சுரப்பி வீக்கம்' என்றே சொல்லிவருகிறோம். அப்படியே இருக்கட்டும்.

உங்கள்,
அக்மரால்


தஸ்குடுக்,
ஜனவரி 27

என் கருவிழிக்கு,

நாத்தனார் பெயரை நான் சொல்லக் கூடாது. மருமகளாக வந்த அன்று உனக்கு வைத்த பெயர் இது. நீ டாக்டரானதற்காக மாற்றப்போவதில்லை. பெரியவர் நலம், பிள்ளைகள் நலம், பழுப்புக் குதிரை சினை, உன் அண்ணன் வழக்கம்போல் தூக்கம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஊரையெல்லாம் பட்டினி போடுகிறவள் நீயும் பட்டினியா?

உன் கடிதம் ஒராஸ்பெக்கின் கருவாட்டு வாசனையோடு வந்து சேர்ந்தது. மாமாவிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"ராத்திரிக்கு அப்புறம் தண்ணி மட்டும்தான் மாமா."

"டீ?"

"கூடாது."

"பால் இல்லாத டீ?"

"அதுவும் கூடாது மாமா."

"அப்புறம் இதுக்கு எதுக்கு வைத்தியம்னு பேரு? நான் காலமெல்லாம் மாட்டு டாக்டரா இருந்தேன். ஒரு பசுவையாச்சும் பட்டினி போட்டிருக்கேனா?"

ஊர்ப் பெரியவர்கள் சேதி கேட்டு வந்துவிட்டார்கள். "சின்ன வயசுல சோதனைன்னு நம்ம தலைக்கு மேல அணுகுண்டு வெடிச்சாங்க. அப்ப வாங்குன கதிர்வீச்சு பத்தாதா? இப்ப ஊசியில வேற ஏத்தணுமா?" என்றார்கள். சாயங்காலத்துக்குள் போய்விடும் என்று நீ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். "அப்போ ராத்திரி இவர வச்சு வெளிச்சம் போட முடியாதா?" என்று ஒருவருக்கு ஏமாற்றம்.

எல்லோரும் போன பிறகு மாமா என்னிடம், "அந்தப் படத்த யாரும்மா பாப்பாங்க?" என்றார். "உங்க மகதான் மாமா, முதல்ல பாக்குறதே அவதான்" என்று பெருமையாகச் சொன்னேன். எழுந்து தொழுவத்துக்குப் போனவர், சூப் ஆறிய பிறகுதான் வந்தார். குதிரைக்கு என்னவோ என்று நினைத்தேன். குதிரை நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணி


அஸ்தானா,
பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகம் என்று எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். ஸ்கேன் பாழ்.

முந்தின ராத்திரி அப்பா இங்கே பெரியப்பா மகன், சவ்ரேஷ் அண்ணி வீட்டில் தங்கினார். காலையில் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. வேறு யாராவது என்றால் அங்கேயே குடைந்திருப்பேன். "அப்பா, ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றேன். "நானா? சே!" என்றார். நம்பிவிட்டேன்.

மறுநாள் கூட்டத்தில் படத்தைப் போட்டார்கள். இதயம் அடுப்பாக எரிகிறது. தொடை, தோள், முதுகு என்று ஒரு இடம் பாக்கியில்லை, ஒரே திருவிழா. கழுத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"நோயாளி சாப்பிட்டிருக்கார்" என்றார் பேராசிரியர்.

"சாப்பிடலைன்னு சொன்னார், மேடம்."

"அவர் உனக்கு யாரு?"

"அப்பா."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

சாயங்காலம் அப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன். "சாப்பிடல. கிளம்பும்போது சவ்ரேஷ் வாசல்ல ரொட்டிய நீட்டுனா. வாய் வச்சேன்."

"எவ்வளவு வாய் வச்சீங்க?"

"வாய் எவ்வளவோ அவ்வளவு."

"தேன் இருந்துச்சா?"

"வெறும் ரொட்டி எப்படிம்மா இறங்கும்?"

அந்த மருந்து அன்றன்று விடிகாலையில் செய்வது. மத்தியானத்துக்குள் வீரியம் போய்விடும். வீணாயிற்று. அடுத்த முறை மார்ச் பத்தாம் தேதி. கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அக்மரால்


தஸ்குடுக்,
பிப்ரவரி 21

கருவிழி,

நலம்தானே? நாங்கள் நலம். சவ்ரேஷ் நலமாக இருக்கக் கூடாது.

உன் கடிதத்தைப் படித்ததும் அவளுக்குப் போன் போட்டேன். "டாக்டர் வெறும் வயித்தோட வரச் சொன்னாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். "தெரியும் அக்கா. அதனாலதான் இறைச்சி வைக்கல" என்கிறாள்! தெருவில் பாதிப் பேர் அவள் பக்கம் பேசுகிறார்கள். வாய் வைத்தது சாப்பாட்டில் சேராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், உன் மெஷினைத் தவிர. கணக்கெடுக்க வந்து எங்களோடு சண்டை போட்டுவிட்டுப் போகிற அதிகாரிகூட வாசலில் நின்று ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுவிட்டுத்தான் போகிறார். பயணம் கிளம்புகிறவர் வாய் வைக்காமல் போனால், திரும்பி வருவாரா என்று வீட்டில் இருப்பவள் வாசலை விட்டு நகரமாட்டாள். அதுவும் இப்படிப்பட்ட காரியத்துக்குப் போகிறவரை எப்படி அனுப்புவது? சவ்ரேஷைத் திட்டினேனே தவிர, அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்காமல் இல்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

இந்த முறை உன் அண்ணன் கூடவே வருகிறார். யார் வீட்டுக்கும் போகாமல் வேனிலிருந்து நேரே ஆஸ்பத்திரி.

மாமாவிடம் தேதியைச் சொன்னேன். "மறுபடியுமா? ஒரு தடவ கெட்டுச்சுன்னா விட்டுற மாட்டாங்களா?" என்றார். விடமாட்டாள், உங்கள் மகள் உங்களைப்போலத்தான் என்றேன்.

உன் அண்ணி


அஸ்தானா,
மார்ச் 13

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் பொறுமை இன்று இல்லை. மன்னியுங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை இந்த முறை சரியாக இருந்தது. ஊசி போட்டு, இருட்டறையில் கம்பளி போர்த்திப் படுக்கவைத்துவிட்டு வந்தேன். அண்ணனைக் கதவுக்கு வெளியே காவல் வைத்தேன். அண்ணன் நின்றபடியே தூங்க வல்லவர் என்பதை மறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கம்பளிக்குள் ஏதோ அசைகிறது. உள்ளே ஓடினேன்.

"என்னப்பா பண்றீங்க?"

கம்பளிக்குள்ளிருந்து, "துவா ஓதுறேன்" என்று பதில் வந்தது. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு துவா ஓதியதை இப்போதுதான் முதல்முறை கேட்கிறேன்.

படத்தில் இரண்டு தாடையும் இரண்டு விளக்குகள். மென்று மென்று கழுத்துத் தசைகளெல்லாம் எரிகின்றன. நாங்கள் பார்க்க வேண்டியதே கழுத்துத்தான். எது தசை, எது கட்டி என்று பேராசிரியராலேயே பிரிக்க முடியவில்லை. பவுர்சாக் பலகாரமும் காய்ந்த தயிர் உருண்டையும் ஒரு பொட்டலமாகக் கட்டி ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. எங்கே கிடைத்தது என்று எழுத மாட்டேன். வைத்தவருக்குத் தெரியும்.

"என் மாமியாரும் வாசல்ல ரொட்டியோடதான் நிப்பாங்க. அவங்க கையில இருந்து தப்பிச்சு ஸ்கேனுக்கு வர்றதும் வைத்தியத்துல சேர்த்திதான். நோயாளிய தயார் பண்றது உன் வேலை. சொந்த அப்பாவையே தயார் பண்ண முடியலைன்னா நான் எதுல கையெழுத்துப் போடுறது?" என்று பேராசிரியர் கேட்டார்.

மே மாதம் ஒரு கடைசி வாய்ப்பு. அதுவும் கெட்டால் செமே டாக்டர்கள் காத்திருக்க மாட்டார்கள். கட்டி இருப்பதாகவே வைத்துக்கொண்டு மருந்தை ஏற்றத் தொடங்குவார்கள். இல்லாத நோய்க்கு அந்த மருந்தை ஏற்றி அவர் இதயம் நின்றுபோனால் என்ன செய்வேன் அண்ணி?

அந்தப் பொட்டலத்தைக் கட்டியது யார் என்று உடனே எழுதுங்கள்.

அக்மரால்


அஸ்தானா,
மார்ச் 31

அண்ணிக்கு,

நவ்ரூஸ் புத்தாண்டு வாழ்த்துகள். பண்டிகைக் கஞ்சி எல்லோரும் குடித்திருப்பீர்கள். ஒராஸ்பெக் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் குதிரை இறைச்சி வந்தது, வெண்ணெய் வந்தது, கடிதம் வரவில்லை. பேச வேண்டியதை இறைச்சியாக அனுப்புவது நம் வீட்டுப் பழக்கம் என்று எனக்கும் தெரியும்.

கோபம் தணிந்துவிட்டது. எழுதுங்கள்.

அக்மரால்


தஸ்குடுக்,
ஏப்ரல் 8

கருவிழி,

எல்லோரும் நலம். பழுப்புக் குதிரை குட்டி போட்டது. நெற்றியில் வெள்ளை.

பொட்டலத்தைக் கட்டியது நான்தான். மாமா பசி தாங்கமாட்டார் என்று அவருடைய கோட்டுப் பையில் வைத்தேன். மருந்து மாதிரி நினைத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மேல் தப்பில்லை. திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குல்பாஷ்


அஸ்தானா,
ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் அக்மரால் வணக்கத்துடன் எழுதுவது.

குட்டி பிறந்ததாம். தாயும் குட்டியும் நலமா? உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இதைப் போனில் சொன்னால் தெருவே கேட்கும். அதனால் எழுதுகிறேன். தனியாகப் படியுங்கள்.

பொட்டலத்தை உங்கள் கோட்டுப் பையில் வைத்ததாக அண்ணி எழுதியிருக்கிறார். நான் அதை எடுத்தது உங்கள் பூட்ஸுக்குள்ளிருந்து. அண்ணிக்குப் பொய் வராது. மூன்று பத்தி சேர்ந்தாற்போல் என்னைக் கேலி செய்யாமல் அவர் எழுதியதும் கிடையாது. ஆக, உண்மை உங்களுக்குத்தான் தெரியும்.

நானும் ஒரு பொய்யை விட்டுவிடுகிறேன். உங்களுக்கு வந்தது சுரப்பி வீக்கம் இல்லை அப்பா. புற்று. நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறைத்தோம். மே பதினைந்தாம் தேதி ஸ்கேனும் கெட்டால் என்ன ஆகும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. வேண்டுமென்றேதான் மென்றீர்களா? ஏன் அப்பா?

உங்கள் மகள்,
அக்மரால்


தஸ்குடுக்,
ஏப்ரல் 26

மகளுக்கு,

கால்நடை நலம். குட்டி நலம், துள்ளுகிறது. முட்டி அப்படியே இருக்கிறது.

புற்று என்று எனக்கு முதல் நாளே தெரியும். சுரப்பி வீக்கத்துக்காக உன் அண்ணன் கொல்லைப்புறம் போய் அழமாட்டான். நீங்கள் கஷ்டப்பட்டுப் பொய் சொன்னீர்கள், நானும் நம்புகிற மாதிரி இருந்தேன்.

குல்பாஷை விட்டுவிடு. அவள் பவுர்சாக் டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவியை நான் எடுத்தேன். பூட்ஸில் வைக்கும்போது பார்த்துவிட்டு, "மாமா, வேணாம் மாமா" என்று என் கையைப் பிடித்தாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவள் தன் தலையில் போட்டுக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. சவ்ரேஷும் பாவம். அவள் ஒரு துண்டுதான் நீட்டினாள். தேனை நான்தான் கேட்டேன். அப்புறம் இன்னும் மூன்று துண்டு கேட்டேன்.

ஏன் என்று கேட்கிறாய். எத்தனையோ வீட்டுத் தொழுவத்தில் மாட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இது பிழைக்காது என்று சொந்தக்காரனிடம் சொன்னவன் நான். சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம், எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த நிமிஷம் மாதிரி பாழாய்ப்போனது எதுவும் இல்லை. யார் வீட்டு மாட்டுக்கோ எனக்கு அப்படி இருந்தது. நீ உன் அப்பனையே பார்க்க வேண்டும், அதுவும் பத்துப் பேர் முன்னால். படம் கெட்டுப்போனால் நீ சொல்ல வேண்டியதில்லை என்று பார்த்தேன். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

மருந்தைச் சும்மாவே ஏற்றுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மென்றிருக்கமாட்டேன். இப்போது உன் அண்ணன் சொன்னான். வருகிறேன். வாயைத் திறக்கமாட்டேன்.

அப்பா


அஸ்தானா,
மே 17

அன்புள்ள குல்பாஷ் அண்ணிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமா? குட்டி எவ்வளவு உயரம் வந்தது? உங்களுக்கு முதலில் ஒரு மன்னிப்பு, அப்புறம் ஒரு திட்டு. மன்னிப்பு, சந்தேகப்பட்டதற்கு. திட்டு, இவ்வளவு மோசமாகப் பொய் சொன்னதற்கு. இந்த ஊரில் எந்த நோயாளியும் உங்களைவிட நன்றாகப் பொய் சொல்வார்.

அப்பா ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி பெரியப்பா மகன் வீட்டில்தான் தங்கினார். காலையில் சவ்ரேஷ் அண்ணி ரொட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றாராம். அப்பாவே கேட்டு வாங்கி, நெற்றியில் ஒற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஊசி போட வந்த நர்ஸ் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்கவே இல்லை. பேச்சு வராத நோயாளி என்று நர்ஸ் எழுதிவைத்துவிட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் பெயர் மறைத்த படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாலாவது படத்தில் இடது விலாவில் பழைய முறிவு ஒன்று. அப்பாவைக் கறுப்புக் குதிரை உதைத்த இடம். அப்பா எழுதிய அந்த நிமிஷம் இதுதான் என்று தெரிந்தது. பேராசிரியருக்கும் தெரிந்திருக்கும். "வேற யாராவது படிக்கட்டுமா?" என்றார். நானே படிக்கிறேன் என்றேன்.

மூளையிலிருந்து தொடங்கி முறைப்படி இறங்கினேன். கழுத்துக்கு வந்ததும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி படித்தேன். "சத்தமா" என்றார் பேராசிரியர். திரும்பச் சொன்னேன். அவரே பக்கத்தில் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "சரியாப் படிச்சிருக்க" என்றார். அடுத்த படத்துக்கு நான் நிற்கவில்லை. ஓடினேன். பயிற்சி டாக்டர்கள் தாழ்வாரத்தில் ஓடக் கூடாது.

அப்பா காத்திருக்கும் கூடத்தில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"கழுத்துல?"

"கழுத்துலயும் ஒண்ணும் இல்லப்பா. மருந்து வேணாம். வீட்டுக்குப் போலாம்."

என் முகத்தையே பார்த்தார், டாக்டர் சொல்வது நிஜமா என்று மாட்டுக்காரன் பார்ப்பதுபோல. அப்புறம், "ஒண்ணும் இல்லாததப் பாக்கவா இத்தனை வருஷம் படிச்ச?" என்றார். மந்தக் காதுக்காரர் குரல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். விடச் சொல்லியும் விடவில்லை.

நான் அழுதேன் அண்ணி. அவர் அழவில்லை என்று உங்களுக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

உங்கள் கருவிழி